கடைசி ஐந்தடி!

சொந்த விமானம் வைத்திருப்பவன் எல்லாம் கோடீஸ்வரன் என்றுதான் நினைத்திருந்தேன். கலிபோர்னியாவில் இருக்கும் என் காலேஜ் நண்பனும் இன்னும் மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு பழைய செஸ்னா 172 வாங்கியிருந்தார்கள். நாலு ஸீட், ஒரே இன்ஜின். கதவைச் சாத்தினால் நம்ம அம்பாஸடர் கதவே உசத்தி என்று தோன்றும். (கேவலமாக எண்ணாதீர்கள். 1955-ல் முதலில் பறந்த மாடல். 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் தயாரான விமானம் இதுதான்!)

2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாடா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான். போனது ஜோர். வந்ததுதான் கதை.

இறங்கும்போது இடது பக்கமிருந்து காற்று. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி ஒருக்களித்து வந்தோம். எதிரே இருக்கவேண்டிய ரன்வே என் பக்கம் ஓரமாகத் தெரிந்தது. தரையைத் தொடுமுன் பெடலை மிதித்து மூக்கை நேராக்கி, காற்றடிக்கிற பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டுமாம். தவறினால் சக்கரம் பார்ப்பது ஒரு திசை, விமானம் போவது வேறு திசை.

தரையில் ஓடும்போது கையிலிருக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் விமானம் திரும்பாது. காலால்தான் திருப்ப வேண்டும். கார் ஓட்டிப் பழகினவன் கையை மறப்பானா? பைப்பர் கப் மாதிரி வாலில் சக்கரம் வைத்த பழைய விமானங்களில் இன்னும் மோசம். எடை, முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கயிறு கட்டி இழுக்கிற பெட்டி ஒழுங்காகப் பின்னால் வரும். கம்பால் தள்ளுகிற பெட்டி கோணிக்கொண்டு போகும், இல்லையா? அதேதான். லேசாகக் கோணினால், வால் முன்னே வந்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கையைத் தரையில் தேய்த்துவிடும். 'கிரவுண்ட் லூப்' என்கிறார்கள். மூக்கில் சக்கரம் வைத்த செஸ்னாவில் எடை முன்னால் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

நண்பனின் தப்பு வேறு. 65 நாட் வேகத்தில் வரவேண்டியவன் 75-ல் வந்துவிட்டான். தரைக்குப் பக்கத்தில் காற்றின் இழுவை குறைவதால் விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகிறது. ரன்வே கரைகிறது. பொறுமை போய் மூக்கை அழுத்தினான்.

டொம்!

எகிறினோம். இங்கேதான் விஷயம். பயந்து மறுபடி மூக்கை அழுத்தினால் முன் சக்கரம் முதலில் மோதி இன்னும் எகிறும். ரெண்டு மூன்று தடவையில் சக்கரம் முறிந்து, புரொப்பெல்லர் தரையை உழும். சும்மா இருந்தாலும் வேகம் செத்துப்போய் தொப்பென்று விழும்.

வேலியோரம் அவன் மனைவியும் பெண்ணும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பல்லைக் கடித்தான். அப்புறம் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினான். மேலே போய் ஒரு சுற்று வரும்வரை பேச்சே இல்லை.

"நிஜமா சொல்றேண்டா, அவங்க பாக்கறாங்களேன்னு அப்படியே இறக்கிடத்தான் பாத்தேன்" என்றான் கடைசியில்.

ரெண்டாவது தடவை பூ மாதிரி இறங்கியது. என் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏங்க, ஏன் ரெண்டு தரம் இறங்கினீங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"இவன்தான் இன்னொரு ரவுண்டு கேட்டான்!" என்றான், பாவி.