இணையத்தில் கிடைப்பவையும் தொலைபவையும்

இணையத்தில் கண்டெடுத்த சுவையான விடயமொன்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வது இன்று அன்றாடப் பழக்கமாகிவிட்டது. அவ்வாறு பகிரத்தக்கவற்றுள் ஒன்று 'ஜிஃப்சிற்றீஸ்' என்னும் தேடற்பொறி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து இயங்கும் 'இன்ரநெற் ஆர்க்கைவ்' எனப்படும் இணைய ஆவணக் காப்பகம் தனது இருபதாவது ஆண்டு நிறைவையொட்டி 2016 இல் இதனை உருவாக்கியது. ஆங்கிலச் சொல்லொன்றை இட்டுத் தேடினால், 1990களில் சாதாரண மக்கள் தமது இணையப் பக்கங்களை அலங்கரிக்கப் பயன்படுத்திய சிறிய அசையும் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். துள்ளும் பூனை, எரியும் தீப்பந்தம், சுழலும் பூமி, மண்வெட்டியால் ஓயாது தோண்டிக்கொண்டிருக்கும் தொழிலாளி. 'இப்பக்கம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை' என்று அறிவிப்பதற்கே அத்தொழிலாளி அங்கு நிறுத்தப்பட்டிருந்தார்.

இப்படங்கள் யாவும் 'ஜியோசிற்றீஸ்' என்ற சேவையிலிருந்து மீட்கப்பட்டவை. 1994 இல் தொடங்கப்பட்ட அச்சேவை, எவரும் கட்டணமின்றித் தமக்கென ஓர் இணையப் பக்கத்தை அமைத்துக்கொள்ள இடமளித்தது. அறிவியற் புனைகதைப் பிரியர்களுக்கு ஒரு பகுதி, இசை ஆர்வலர்களுக்கு இன்னொரு பகுதி என்று ஒரு நகரத்தின் குடியிருப்புகளைப் போலவே அது பிரிக்கப்பட்டிருந்தது. 1999 இல் யாஹூ நிறுவனம் சுமார் 360 கோடி டொலர் பெறுமதியில் அதனை வாங்கியது. பத்தாண்டுகள் கழிந்து, 2009 ஒக்டோபர் 26 ஆம் திகதி, அந்நிறுவனமே அதனை மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் பார்வைக்கு எட்டாமற் போயின.

அப்பக்கங்களை அழகற்றவை என்று நகைத்தவர்கள் அன்றும் இருந்தனர். கண்ணைக் கூசவைக்கும் வண்ணங்களையும் மின்னும் எழுத்துக்களையும் காணும்போது அவர்களைக் குறைகூற முடியாதுதான். ஆயினும் அங்கு நிகழ்ந்தது ஒரு படைப்புச் செயற்பாடு. கணினிக் கல்வி எதுவும் பெறாத ஆசிரியரும் இல்லத்தரசியும் பாடசாலை மாணவனும் பிறரது பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்து, அதனைப் பிரதிசெய்து, சிறிது மாற்றி, தமக்குரியதாக்கிக் கொண்டனர். தச்சுப் பட்டறையில் அருகிருந்து பார்த்துத் தொழில் பழகுவதைப் போன்றது அது. இன்றைய சமூக ஊடகங்களில் எழுதுவது அதனிலும் எளிது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எல்லோருடைய பக்கமும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருப்பதற்கு நாம் பழகிவிட்டோம்.

ஜியோசிற்றீஸ் மூடப்படவிருப்பதை அறிந்ததும், ஜேசன் ஸ்கொட் என்பவரும் அவருடன் இணைந்த தொண்டர்களும் இரவுபகலாக அதன் பக்கங்களைப் பிரதிசெய்தனர். முழுவதையும் அவர்களால் காப்பாற்ற இயலவில்லை. காப்பாற்றியவற்றை 2010 இல் எவரும் தரவிறக்கக்கூடியதாக வெளியிட்டனர். ஒலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்னும் கலைஞர்கள் இருவர் அதனைத் தரவிறக்கி, அப்பக்கங்கள் அக்காலக் கணினித் திரையில் எவ்வாறு தோன்றினவோ அவ்வாறே படம்பிடித்து நாள்தோறும் வெளியிட்டு வந்தனர். வணிக நிறுவனம் குப்பையெனக் கருதியதை அவர்கள் நாட்டார் கலையாகவே கண்டனர். நாட்டார் பாடல்களை ஊரூராய்ச் சென்று தொகுத்தோர் செய்த பணியும் இதுவே எனலாம்.

இது தனியொரு நிறுவனத்தின் கதையன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 சதவீதமானவை பத்தாண்டுகளுக்குப் பின்னர் அணுக முடியாதனவாகியிருந்தன. மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை இசைக் கலைஞர்கள் பதிவேற்றியிருந்த பாடல்கள், வழங்கிகளை இடம்மாற்றியபோது அழிந்துவிட்டதாக 2019 இல் தெரியவந்தது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 இறுதியுடன் நிறுத்தியதனால், அதில் உருவான விளையாட்டுக்களும் அசைவூட்டப் படங்களும் கோப்பாக இருந்தும் இயங்காத நிலையை அடைந்தன. அவற்றை மீண்டும் இயக்குவதற்கு 'ரஃபிள்' என்ற வேறொரு மென்பொருளைத் தொண்டர்கள் எழுதவேண்டியதாயிற்று. ஆக, ஒரு படைப்பைச் சேமித்துவைத்தால் மட்டும் போதாது. அதனைத் திறக்கும் திறவுகோலும் உடனிருத்தல் வேண்டும்.

இத்திறவுகோல் விடயத்தில் தமிழுக்கென்று தனியானதொரு சிக்கல் உண்டு. யுனிகோட் முறையில் தமிழுக்கு 1991 இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தபோதிலும், அது பரவலான பாவனைக்கு வர நீண்டகாலம் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் 'பாமினி' எழுத்துருவே பெருவழக்காயிருந்தது. இவ்வெழுத்துருவில் கணினி உண்மையில் சேமித்துவைப்பது ஆங்கில எழுத்துக்களையே; தமிழ் என்பது அவற்றின்மேல் போர்த்திய வடிவம் மட்டுமே. காப்பகத்தில் உள்ள பழைய பக்கமொன்றைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. அரபுத்தமிழ் நூல்கள் மொழியால் தமிழ், எழுத்தால் அரபு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனச் சில அரபு எழுத்துக்களில் மேலதிகக் குறிகள் இட்டு அவை எழுதப்பட்டன. இன்று அந்நூல்கள் கையிலிருந்தும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். அரபுத்தமிழ் அந்நிலையை அடையப் பல தலைமுறைகள் சென்றன. பாமினியில் எழுதப்பட்டவற்றுக்கு இருபது ஆண்டுகளே போதுமாயின. நல்லவேளையாக, பாமினி எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பலருடைய கணினிகளிலும் பழைய இறுவட்டுக்களிலும் கிடக்கும் நினைவுமலர்களும் சிறுகதைகளும் பள்ளிவாசல், கோயில் வரலாறுகளும் இன்னும் மாற்றப்படவில்லை. பி.டி.எப். வடிவில் வெளியானவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். தேடற்பொறிக்கோ அவை பொருளற்ற எழுத்துக்குவியல். இன்று மனிதனைப் போல எழுதும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இணையத்தில் உள்ள எழுத்தைக் கொண்டே மொழியைக் கற்கின்றன. எமது எழுத்து அவற்றுக்குத் தமிழாகத் தெரியாதவிடத்து, அவை பேசும் தமிழில் எமது வழக்கு இல்லையே என்று வருந்திப் பயனில்லை.

எமது மக்களுக்கு ஆவண இழப்பு புதியதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது வீடுகளுடன் ஏடுகளையும் விட்டுச்சென்றனர். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடி இணையத்தில் இட்டுவருவது இவ்வகை இழப்புக்களுக்கு ஓரளவேனும் ஈடுசெய்யும் முயற்சியாகும். காகிதத்தில் இருந்தவை இவ்வாறு இணையத்தை வந்தடைய, இணையத்திலேயே பிறந்தவற்றின் கதி என்ன? 2000களில் தமிழ் எழுத்தாளர்கள் பலர் விவாதித்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. இன்று கவிதையும் விமர்சனமும் பெரும்பாலும் முகநூலுக்கே செல்கின்றன. ஆவணக் காப்பகம் 2025 ஒக்டோபரில் ஒரு இலட்சம் கோடி இணையப் பக்கங்களைச் சேமித்துமுடித்ததாக அறிவித்தது. ஆயினும் கடவுச்சொல்லுக்கு அப்பாலுள்ள முகநூல் பதிவுகள் அக்கணக்கில் அடங்குவது அரிது. அக்காப்பகமும் அசைக்கமுடியாததன்று, 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு இலக்காகிச் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது.

வாசகர்கள் தாமாகவே செய்யக்கூடியவை சில உண்டு. விரும்பிய இணையப் பக்கம் ஒன்றின் முகவரியை அக்காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' பகுதியில் இட்டால், அப்பக்கத்தின் பிரதியொன்று அன்றைய திகதியுடன் சேமிக்கப்படும். இதற்கு ஒரு நிமிடமே செல்லும். நண்பருக்கு இணைப்பை அனுப்பும்போது அப்பிரதியின் முகவரியையும் சேர்த்து அனுப்பலாம். முகநூலில் எழுதுவோர் அதன் அமைப்புப் பகுதியினூடாகத் தமது பதிவுகள் அனைத்தையும் தரவிறக்கிக்கொள்ள முடியும். அப்போது கேட்கப்படும் இரு வடிவங்களுள் எச்.ரி.எம்.எல். என்பதைத் தெரிவுசெய்வது நன்று. அதனை எந்த உலாவியிலும் நேரடியாகத் திறந்து வாசிக்கலாம்.