செஞ்சி வட்டார வேலி வகைகளும் அவற்றின் பெயர்களும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. கோட்டைக்கு மதில் எவ்விதமோ, மானாவாரிக் கொல்லைக்கு வேலி அவ்விதமே. மணிலாக்கொட்டையும் கம்பும் விளையும் கொல்லையில் ஓர் இரவு ஆடுகள் நுழைந்தால் ஒரு போகத்தின் பாடு வீணாகும். ஆயினும் எல்லாவற்றையும் ‘வேலி’ என்று ஒரே சொல்லால் கூறுவது போதாது. பெயர் வேறுபடுமிடத்தில் செலவும் ஆயுளும் வேறுபடுகின்றன.

முள்வேலி: கருவேல், உடை, இலந்தை ஆகியவற்றின் கிளைகளை வெட்டி, முள் வெளிப்புறம் இருக்குமாறு அடுக்கி, கவைக்கோலால் அழுத்தி அமைப்பது. செலவு சொற்பம். ஆனால் கறையான் அரிப்பதால் வருஷந்தோறும் புதுப்பிக்க நேரிடும்.

படல்: மூங்கிற் பிளாச்சுகளையோ மிலாறுகளையோ வரிச்சுகளில் வைத்துக் கட்டிய தட்டி. தூக்கி வேறிடம் வைக்கலாமாகையால் ஆட்டுக்கிடை மறிப்பதற்கும் கொல்லை வாயிலுக்கும் ஏற்றது.

கழிவேலி: சவுக்குக் கம்புகளை ஊன்றுகால்களாக நட்டு, நீண்ட கழிகளை இரண்டு மூன்று வரிசை குறுக்கே கட்டுவது. மாட்டைத் தடுக்கும், ஆட்டைத் தடுக்காது. மண்ணில் புதையும் பாகத்திற்குத் தார் பூசினால் நெடுநாள் நிற்கும்.

மட்டைவேலி: பனைமட்டைகளை நெருக்கமாக நிறுத்தி வரிச்சால் பிணைப்பது. வீட்டுக் கொல்லைக்கு நல்ல மறைவு.

உயிர்வேலி: கிளுவை, கொடுக்காப்புளி, திருகுகள்ளி முதலியவற்றை வரிசையாக வளர்ப்பது. கொடுக்காப்புளியின் தழை ஆட்டுக்குத் தீவனமாகும். திருகுகள்ளியை ஆடு கடிப்பதில்லை; அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு விளையுமாதலால் கவனத்துடன் வெட்டவேண்டும்.

உயிர்வேலிக்கு எதைத் தெரிந்தெடுப்பது என்பதில் எச்சரிக்கை தேவை. முற்காலத்தில் வேலிக்கு வைத்த சப்பாத்திக் கள்ளி மேய்ச்சல் நிலங்களெங்கும் பரவிற்று. 1926-ஆம் வருஷத்தில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட காச்சினீல் பூச்சியே அதை அடக்கிற்று. 1870-களில் இந்தியாவிற்கு வந்த சீமைக் கருவேலுக்கு ‘வேலிகாத்தான்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அதன் நெற்றை ஆடுமாடுகள் தின்ன, விதை சாணத்தோடு விழுந்து முளைத்து, ஏரியும் தரிசும் அதற்கே உரியனவாயின. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவே. மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும், தூரோடு பெயர்க்கவேண்டும். நெற்றில்லாத கிளைகளை முள்வேலிக்கு இடலாமேயன்றி, இதனை நடலாகாது.

செலவு குறைந்த வழி ஒன்றுண்டு. முதல் வருஷம் முள்வேலி இட்டு, அதன் உட்புறம் ஆவணி, புரட்டாசி மழையில் இடுப்புயரக் கிளுவைப் போத்துகளை அடிக்கு ஒன்றாக முக்கால் அடி ஆழத்தில் நடவேண்டும். காய்ந்த இடங்களில் மறு போத்து நட்டு, குறுக்கே பிளாச்சு கட்டி வரவேண்டும். முள் மக்கிப்போவதற்குள் போத்துகள் வேர்பிடித்துத் தழைக்கும். பின்னர் ஆண்டுக்கொரு முறை கழித்துவிட்டால் போதும். வருஷந்தோறும் முள் வெட்டும் கூலி குடியானவனுக்கு மிச்சமாகும்.