கப்பலடிப் பூச்சும் சிப்பிக் குஞ்சும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வாழும் ஒரு சிறு சங்கினத்தில், பெண் சங்குகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதை 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கப்பல்கள் வந்துபோகும் உலகின் பல துறைமுகங்களில் கண்ட அதே ஊனம்தான். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசிவந்த வண்ணத்தில் கலந்திருந்த டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மமே இதற்குக் காரணம். ஒரு லிட்டர் கடல்நீரில் அது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், சில சங்கினங்களில் மாற்றம் தொடங்கிவிடும். முற்றிய நிலையில் முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, பெண் சங்கு மலடாகிறது.

சிப்பியையும் இந்த நஞ்சு விடவில்லை. பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு தடித்து உருண்டது, சதை சிறுத்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு இந்தப் பூச்சைப் பூசக் கூடாது என்று 1982-ல் தடை வந்தது. அதன்பின் குஞ்சுகள் மீண்டும் பிடித்தன. தடைபோட்டால் கடல் திரும்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் கரையில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடக்கவில்லை. ஆனால் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் வளர்ப்பு முத்தை எடுத்ததும், 1981-ல் தொட்டியில் முத்துச்சிப்பிக் குஞ்சு பொரிக்க வைத்ததும் தூத்துக்குடியில்தான். கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் ஆங்கில 'டி' எழுத்து வடிவக் குஞ்சாக வேண்டும். நீரில் நஞ்சு இருந்தால் ஓடு மூடாமல், கீல் வளைந்து நிற்கும். அதனால்தான் சிப்பிக் கருவை வைத்தே நீரின் நச்சுத்தன்மையை உலகெங்கும் அளக்கிறார்கள்.

ஊனம் தெரிந்த உடனே கடலைக் குறைசொல்வதும் சரியல்ல. செம்பு, பித்தளைக் குழாய் இணைப்புகள், நீக்காமல் விட்ட குளோரின், சரியாகக் காயாத புதுப் பைபர் தொட்டி, உப்புத்தன்மை மாற்றம், தரமில்லாத முட்டை, பாக்டீரியா என எதுவும் குஞ்சைக் கெடுக்கலாம். குஞ்சு வளர்ப்போர் முதலில் இவற்றைச் சோதிக்க வேண்டும். பிறகு ஒரே முட்டைத் தொகுதியைப் பிரித்து, வேறு இடத்து நீரிலும் வளர்த்து ஒப்பிட வேண்டும்.

டிரைபியூட்டைல்டின் பூச்சை உலகளவில் விலக்கும் உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா இதற்காக 2014-ல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் நஞ்சு சேற்றில் தங்கிவிடுகிறது. காற்றுப் புகாத அடிச்சேற்றில் அது ஆண்டுக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது அந்தச் சேறு கிளறப்படும் என்பதே என் கவலை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா துறைமுகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

எனவே தோண்டிய சேற்றை எங்கே கொட்டினார்கள், அதில் இந்தச் சேர்மத்தை அளந்தார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் துறைமுக ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமென்றால், நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டதைக் காட்டும் அரையாண்டு அறிக்கையின் நகலையும் அதே மனுவில் கேளுங்கள். புகாரை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்பவர் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாய அமர்வை ஐந்து ஆண்டுக்குள் அணுக வேண்டும். பிழைப்பு கெட்ட மீனவரும், குஞ்சு செத்த வளர்ப்பாளரும் நாள்கணக்கு, புகைப்படம், நீர் மாதிரி ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளட்டும். இவை இல்லாமல் வழக்கு நிற்காது.

மீன் தின்பவருக்குச் சங்குக்கு வந்த ஊனம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அதற்கு ஆதாரமில்லை. பழைய பூச்சைச் சுரண்டும் கூலித் தொழிலாளிதான் தூசியை நேரடியாக மூச்சில் இழுக்கிறார். அவருக்கு முகக்கவசமும் கையுறையும் தருவது படகு உரிமையாளரின் பொறுப்பு. சுரண்டும் இடத்தில் தார்ப்பாய் விரித்து, தூளை அள்ளி மூட்டை கட்டுங்கள். கரையில் விடவோ எரிக்கவோ கூடாது. இப்போது கிடைக்கும் பூச்சுகளில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. அதுவும் சிப்பிக் கருவைக் கெடுக்கும் என்பதால், குஞ்சு வளர்க்கும் தொட்டிகளுக்கு நீர் எடுக்கும் இடத்தருகே படகடிக்கு வண்ணம் பூசாதீர்கள்.