புல்வெட்டி யந்திரத்தின் பற்கள்

புல் அறுப்பவர்களின் கைகளைச் சற்று நேரம் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். அரிவாள் இருப்பது வலக்கையில் என்றாலும், புல்லை அறுபடச் செய்வது இடக்கைதான். ஒரு பிடி புல்லை இடக்கை கொத்தாகச் சேர்த்து இறுக்கிக்கொள்ள, அந்தப் பிடிப்புக்குச் சற்றுக் கீழே கருக்கரிவாள் ஒரே இழுப்பில் ஊடுருவிச் செல்கிறது. பிடிக்காமல் வெறுமனே அரிவாளை வீசிப் பார்த்தால் புல் பணிந்து சாய்ந்து, அரிவாள் போனபின் ஒன்றும் நேராதது போல நிமிர்ந்துகொள்ளும்.

தோளில் வாரிட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு, நீண்ட குழாயின் நுனியில் சுழலும் தகட்டால் புல்லை வீழ்த்திச் செல்கிறார்களே, கடைக்காரர்கள் ‘பிரஷ் கட்டர்’ என்றும், தோப்பு வேலைக்காரர்கள் வெறுமனே ‘மிஷின்’ என்றும் சொல்லும் அந்த யந்திரத்துக்கு இடக்கை கிடையாது. அந்தக் குறையை அது வேகத்தினால் ஈடுசெய்துகொள்கிறது. நிமிஷத்துக்கு 7000 சுற்று சுழலும் 25.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகட்டின் விளிம்பு, கணக்கிட்டுப் பார்த்தால், மணிக்கு ஏறக்குறைய 335 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அத்தனை வேகத்தில் வந்து தாக்கும் பொருளுக்கு முன் புல்லின் தண்டு வளைவதற்கே அவகாசம் இல்லை. இருந்த இடத்தில் இருக்கவே விரும்பும் ஜடப்பொருளின் சுபாவமே அதைப் பிடித்துக்கொடுக்கும் இடக்கையாகிவிடுகிறது.

இவ்வளவு வேகம் வாய்த்துவிட்டால் அறுக்கும் பொருள் எஃகாகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதியும் போய்விடுகிறது. ஆகவேதான் ஒரே யந்திரத்தின் நுனியில் நைலான் நரம்பையும் மாட்டலாம், மூன்று பல் தகட்டையும் மாட்டலாம், நாற்பது பல், எண்பது பல் தகடுகளையும் மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தையும் மாட்டலாம். கடையில் இவற்றை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பல் அதிகமானால் பலமும் அதிகம் என்று முடிவுகட்டி, எண்பது பல்லை வாங்கிச் செல்கிறவர்கள்தாம் பெரும்பாலோர். நானும் ஒரு காலத்தில் அந்தப் பெரும்பாலோரில் ஒருவனாக இருந்தேன். பின்னர், ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புகளில் கூலிக்கு மிஷின் ஓட்டும் ஒருவரிடம், எங்கள் தோப்புக்கு எந்தத் தகடு உத்தமம் என்று கேட்டபோது, அவர் தகட்டைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. “கல்லு எங்கெங்கே கெடக்குதுன்னு மொதல்லே சொல்லுங்க; எந்தப் பிளேடுன்னு அப்புறம் சொல்றேனுங்க” என்றார்.

அந்தப் பதிலில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். வெட்ட வேண்டிய செடி எது என்று நாம் பார்க்கிறோம். செடிக்கு அடியில் மறைந்திருப்பது எது என்று அவர் பார்க்கிறார். கல், வேலிக்கம்பி, சொட்டுநீர்க் குழாய், காய்ந்து கல்லாகிவிட்ட மட்டையின் அடிப்பாகம், சென்ற வருஷம் வெட்டிய கட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் மோத நேர்ந்தால், மோதிய பொருள் வளைந்துகொடுக்குமா, எதிர்த்து நிற்குமா, உடைந்து பறக்குமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது.

முற்றிலும் வளைந்துகொடுப்பது நைலான் நரம்பு. நின்றிருக்கும்போது தூண்டில் நரம்பைப் போலத் துவண்டு தொங்கும் அது, சுழலத் தொடங்கியதும் கம்பியைப் போல விறைத்துக்கொள்வதைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. 2.4 மில்லிமீட்டர் கனமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள நரம்பின் எடை ஒரு கிராம்கூட இராது. ஆயினும் நிமிஷத்துக்கு 7000 சுற்றில், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையை அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசை அதனுள் எழுகிறது. புல்லை அறுக்க அந்த விறைப்பு போதும். கல்லில் பட்டாலோ நுனி தேய்ந்து ஒரு துணுக்கு உதிர்வதோடு போய்விடும். சுவரோரம், வரப்புக்கல் ஓரம், வேலியோரம் என்று எஃகு போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் நரம்பு போகலாம்.

இதன் பிறப்பும் அப்படிப்பட்ட ஓர் ஓரத்தில்தான் நிகழ்ந்தது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஹூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்திவந்த ஜார்ஜ் பாலஸ் என்பவர், தம் வீட்டு மரங்களின் வேரடியில் முளைக்கும் புல்லை மரப்பட்டை சேதமுறாமல் நீக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தவர், 1971-ஆம் வருஷம் மோட்டார் காரைக் கழுவும் நிலையம் ஒன்றில் சுழலும் தூரிகைகள் வண்டியின் மேடுபள்ளங்களிலெல்லாம் வளைந்து நுழைவதைக் கண்டு, வீட்டுக்கு வந்ததும் பொரிச்சோளம் அடைத்த ஒரு பழைய தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, புல்லோரம் வெட்டும் மோட்டாரில் பூட்டிச் சுழற்றிப் பார்த்தார். ‘வீட் ஈட்டர்’ என்ற பெயரில் அது பெரிய வியாபாரமாக வளர்ந்து, 1977-இல் எமர்சன் எலக்ட்ரிக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மரப்பட்டையைக் காக்கப் பிறந்த நரம்பு, தோப்பில் மரப்பட்டைக்கே சத்துருவாகிவிட்டது விநோதம். தென்னைக்கு இடையே ஊடுபயிராக வைத்த ஜாதிக்காய், கோகோக் கன்றுகளின் அடியை ஒட்டிப் புல்லை எடுக்கிறவர், கன்றைச் சுற்றி ஒரு வட்டம் நரம்பை ஓடவிட்டாரானால், இளம்பட்டை மோதிரம் போல உரிந்துவிடும்; இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் பாதை அந்தப் பட்டையின் உட்புறத்தில்தான் இருப்பதால், கன்று உடனே சாகாமல் சில வாரங்கள் பச்சையாகவே நின்று பிறகு வாடும்; குற்றவாளி யார் என்று அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும். தென்னைக்கு உரியக்கூடிய அந்தமாதிரிப் பட்டை இல்லை என்றாலும், தண்டில் விழுந்த காயத்தை மூடி வளரும் சக்தியும் அதற்கு இல்லை.

நரம்பின் குணத்தைப் பற்றி இன்னும் இரண்டொரு விஷயம் சொல்லலாம். உருண்டையானது அதிக நாள் உழைக்கும். சதுரமும் நட்சத்திர வடிவமும் விளிம்பின் கூர்மையால் சுத்தமாக அறுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெயிலில் மாதக்கணக்காகக் கிடந்து நொறுங்கத் தொடங்கிய சுருளை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் துவளும் தன்மை பெருமளவு திரும்புகிறது. நரம்பு தடிக்கத் தடிக்கக் காற்றின் எதிர்ப்பும் கூடுவதால், சிறிய எஞ்சினில் மிகத் தடித்த நரம்பை மாட்டினால், வேகம் எழாமல் கிளட்ச் வழுக்கிச் சூடேறிப்போகும். உதிர்கிற துணுக்குகளெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன என்பதும் உண்மை. மாட்டுத்தீவனத்துக்காக அறுக்கும் புல்லில் நரம்பைப் பிரயோகிப்பது எனக்கு உவப்பானதன்று. நரம்பு தீர்ந்துபோயிற்று என்று அந்த இடத்தில் இரும்புக் கம்பியைக் கோத்துக்கொள்கிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. கம்பி வளைந்து வளைந்து சோர்ந்து முறிந்த கணத்தில், அந்தத் துண்டு துப்பாக்கி ரவைக்குச் சமானம்.

நரம்புக்கு அடங்காதவை இருக்கின்றன. ஆளுயரத்துக்கு மண்டிய தர்ப்பை, தண்டு முற்றிய பார்த்தீனியம், உண்ணிச்செடிப் புதர் இவற்றுக்கெல்லாம் எதிர்த்து நிற்கும் எஃகு வேண்டும். மூன்று பல் தகட்டை நான் வெட்டரிவாளின் வம்சம் என்பேன்: பற்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் தடித்தது; இடைவெளி விஸ்தாரமாக இருப்பதால் அடர்ந்த புல் உள்ளே புகுந்து வெட்டுப்படுகிறது. மழுங்கினால் சாதாரண அரத்தினாலேயே தீட்டிக்கொள்ளலாம். மூன்றையும் சமமாகத் தீட்டவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை, இல்லாவிடில் எடை பிசகி யந்திரமே உதறும்.

எண்பது பல் தகடோ கருக்கரிவாளின் வம்சம். நெருக்கமான சிறு பற்கள், நெல்லும் கோதுமையும் போல ஒரே சீராக நிற்கும் காய்ந்த தாள்களை நறுக்கென்று அறுக்கின்றன. மேலே ஒரு தடுப்பைப் பொருத்தினால் அறுபட்ட கதிர்கள் ஒரு பக்கமாகவே வரிசையில் சாய்கின்றன. அதையே ஈரப்புல்லில் பிரயோகித்தால் பற்களின் இடுக்கு அடைத்துக்கொள்ளும். இத்தகடுகள் பலவற்றில் பல்நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். அது எஃகைவிடக் கடினம், ஆனால் கண்ணாடியின் சுபாவம் உடையது. கல்லில் பட்டால் வளையாது, தெறிக்கும். என் தோப்பில் நான் வாங்கிவந்த தகடு முதல் நாளிலேயே ஐந்து பல்லை இழந்தது. அவை எங்கே போயின என்று தேடி எடுக்க முடியவில்லை என்பதுதான் நடுக்கத்துக்குரிய செய்தி. நாற்பது பல் இவ்விரண்டுக்கும் நடுவே, கட்டைவிரல் கனமுள்ள தண்டுகளுக்கு உரியது. வட்ட ரம்பத்தைப் புல்லில் வீசுவது போல வீசவே கூடாது; சீமைக்கருவேலங்கன்று போன்ற ஒன்றின் அடியில் நின்று, மெதுவாக அழுத்தி அறுக்கவேண்டும்.

வளைந்துகொடுப்பதும் எதிர்ப்பதும் இருக்க, இரண்டும் போலப் பாசாங்கு செய்யும் மூன்றாவது ஒன்று உண்டு: சங்கிலித் துண்டுகளைக் கோத்த தலை. நைலானைப் போல ஆடுகிறது, எஃகைப் போல அடிக்கிறது என்று விற்கிறார்கள். சங்கிலியின் வளையங்களில் ஏதேனும் ஒன்று சோர்ந்தால் மிச்சமெல்லாம் பறந்துவிடும். பிரிட்டனில் நேர்ந்த ஒரு மரணத்துக்குப் பின், 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு இத்தகைய உறுப்புகளின் விற்பனையைத் தடுக்குமாறு தன் நாடுகளுக்கு உத்தரவிட்டது.

தகட்டைத் தேர்ந்தபின் அதைப் பொருத்துவதிலும் கருத்து வேண்டும். நடுத்துளை 25.4 மில்லிமீட்டரா, 20 மில்லிமீட்டரா என்று பார்த்து, கியர் பெட்டியின் அச்சுக்கு இசைந்ததையே வாங்கவேண்டும். அதை இறுக்கும் நட்டு இடம்புரி மரை உடையது. மேலிருந்து பார்க்கையில் தகடு இடஞ்சுற்றாகச் சுழல்வதால், புல்லின் எதிர்ப்பு நட்டைத் தளர்த்தாமல் மேலும் இறுக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அறியாதவர் வழக்கம்போலத் திருப்பி, கழற்றுவதாக எண்ணிக்கொண்டு மேலும் மேலும் இறுக்கி, கடைசியில் சுத்தியலைத் தேடுவார். எஃகுத் தகட்டைக் கடிகாரமாகப் பாவித்தால், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வலமுன் கால்வட்டம் கெட்ட இடம். அங்கே கட்டை பட்டால் யந்திரம் முழுவதும் வலப்புறமாக உந்தித் தள்ளப்படும். ஆகையால் இடப்புறத்தாலேயே வெட்டி, பதினைந்து மீட்டருக்குள் வேறு யாரையும் அணுகவிடாமல் வேலை செய்கிறார்கள்.

இப்போது எங்கள் தோப்பில், மழைக்குப் பின் வரிசைகளின் நடுவே மண்டும் புல்லுக்கு மூன்று பல் தகடு, அதுவும் ஆள் ஒருவர் முன்னே நடந்து மட்டைகளைப் பொறுக்கி ஒதுக்கிய பின்னர்; சொட்டுநீர்க் குழாய் ஓடும் ஓரங்களுக்கு நரம்பு, குழாயிலிருந்து ஒரு முழம் எட்டியே. ஜாதிக்காய்க் கன்றுகளைச் சுற்றி மட்டும் எஞ்சினை அணைத்து மரத்தில் சாய்த்துவிட்டு, இடக்கையால் புல்லைப் பிடித்துப் பழைய கருக்கரிவாளால் அறுக்கிறார்கள்.