பக்கத்து வீட்டு நித்திரையும் பாட்டரி யந்திரமும்

வாரம் முழுவதும் உழைத்துக் களைத்தவனுக்குச் சனிக்கிழமைக் காலைத் தூக்கம் ஒரு வரம். அமெரிக்கக் குடியிருப்புகளில் அவ்வரத்தைப் பறிப்பதற்கென்றே ஒரு யந்திரம் உண்டு. அதுதான் பெட்ரோலால் ஓடும் புல்வெட்டு யந்திரம். வீட்டின் முன்னே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்தரை இருக்க வேண்டும், அது ஒரே மட்டமாக வெட்டப்பட்டும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுக் குடித்தனக்காரரின் கௌரவம். அக்கௌரவத்தின் ஓசை தெருக்கோடி வரையில் கேட்கும்!

2024-ஆம் வருஷக் கோடையில், கலிபோர்னியா மாகாணத்து ஸாக்ரமெண்டோ நகரில் நம் தங்கையின் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். பெண்ணையோ பிள்ளையையோ பார்த்து வர அந்நாட்டுக்குப் பயணமாகும் பெற்றோர்கள் நம்மிடையே இன்று அநேகர். மேற்சொன்ன ஓசை அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் தங்கையின் வீட்டில் நாம் கண்டது வேறு. ஒரு நாள் காலை நாம் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தபோது, மாப்பிள்ளை தோட்டத்தில் பாதிக்கு மேல் புல்லை வெட்டி முடித்திருந்தார். கூடத்துத் தூசியை உறிஞ்சும் யந்திரம் போடும் இரைச்சலுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்ரோல் வாடை இல்லை. கயிற்றைப் பலமுறை இழுத்துத் தோளை நோகச் செய்யும் வேலையும் இல்லை. பாட்டரியைப் பொருத்திப் பொத்தானை அழுத்தியதும் கத்தி சுழலத் தொடங்கிவிடுகிறது.

இந்த அமைதி முற்றிலும் புதிதென்றும் சொல்வதற்கில்லை. புல்வெட்டு யந்திரத்தை முதன்முதலில் அமைத்தவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். கம்பளித் துணியின் மேற்பிசிரைச் சீவி எடுக்கும் ஆலை யந்திரத்தைக் கண்ட அவர், துணியின் பிசிரைச் சீவும் உருளை புல்லையும் சீவாதா என்று எண்ணினார். 1830-ஆம் வருஷம் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்கு முன் நீண்ட பிடியுள்ள அரிவாளே கதி. பட்டிங்கின் யந்திரம் கையால் தள்ளப்படுவது. அதற்குப் புகையும் இல்லை, உறுமலும் இல்லை. அவையிரண்டும் பின்னர் பெட்ரோலோடு வந்து சேர்ந்தவை.

வந்தவை இலேசான உபத்திரவம் அல்ல. அம்மாகாணத்துக் காற்றுப் பாதுகாப்பு வாரியத்தின் கணக்குப்படி, தொழில்முறைப் பெட்ரோல் புல்வெட்டு யந்திரம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு சாதாரண மோட்டார் கார் சுமார் 300 மைல் ஓடுவதற்கு ஈடான புகைமூட்ட மாசு காற்றில் சேருகிறது. ஆகவே 2021-ஆம் வருஷம் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2024 முதல் அங்கே விற்பதற்கெனப் புதிதாகச் செய்யப்படும் இத்தகைய சிறு யந்திரங்கள் புகையற்றவையாக இருத்தல் வேண்டும். முன்பே வாங்கியவற்றை உபயோகிப்பதற்குத் தடை இல்லை.

இனி, பாட்டரியின் சூட்சுமத்தைச் சிறிது பார்ப்போம். நம் கைத்தொலைபேசியில் உள்ள அதே லிதியம் வகைதான் இதுவும். ஒரு சிறு கலத்தின் மின்னழுத்தம் 3.6 வோல்ட். பத்துக் கலங்களை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட். முழுதும் ஏற்றியவுடன் அழுத்தம் சற்று உயர்ந்து நிற்பதால், இதையே சில கம்பெனிகள் 40 வோல்ட் என்று எழுதி விற்கின்றன. பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 180 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! ஒரு சிறு புல்தரையை வெட்ட இதுவே போதும்.

ஆனால் போதாமற் போவதும் உண்டு. யந்திரம் வந்த புதிதில் மாப்பிள்ளை மூன்று வாரம் வெளியூர் சென்றிருந்தாராம். திரும்பி வந்து, முழங்கால் அளவு வளர்ந்த புல்லை ஒரே மூச்சில் வேரொட்ட வெட்டப் புகுந்தார். பாதித் தோட்டத்தில் யந்திரம் நின்றுவிட்டது. "அன்றைக்கு இவர் அதைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக இருந்தார், அண்ணா!" என்று தங்கை சிரித்தாள். குற்றம் யந்திரத்தினுடையது அன்று. ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்பது தோட்டக்காரர்களின் பழைய விதி. ஈரப் புல்லும் மழுங்கிய கத்தியும் பாட்டரியை விரைவில் உறிஞ்சிவிடும். ஸாக்ரமெண்டோவின் ஜூலை வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். அவ்வேளையில் அடுப்பாய்க் கொதிக்கும் கார் கொட்டகையில் வைத்தால் பாட்டரியின் ஆயுள் குறையும். எனவே தங்கை அதை வீட்டினுள்ளே கொண்டு வந்துவிட்டாள். வேலை முடிந்ததும் சூடு ஆறிய பின்பே மின்னேற்றுகிறாள். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்குமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பதோ வீட்டிலுள்ள சிறுவர் முதற்கொண்டு அனைவரும் அறிந்த கட்டளை.

இன்னொன்று. ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொன்றின் கருவிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. புல்வெட்டி, வேலிச் செடி கத்தரிக்கும் கருவி, சருகு ஊதும் கருவி ஆகியவற்றுக்கு ஒரே பாட்டரி உதவ வேண்டுமானால், முதற் கருவியை வாங்கும்போதே சம்பந்தம் பேசுவதுபோல் யோசித்துக் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கண்டு நாம் மகிழ்ந்திருந்த ஒரு நாள், அடுத்த வீட்டில் பழைய உறுமல் கேட்டது. அங்கே வேலைக்கு வரும் மெக்ஸிகோ நாட்டுத் தோட்டக்காரர், முதுகில் பெட்ரோல் யந்திரத்தைச் சுமந்து சருகுகளை ஊதிக் கொண்டிருந்தார். பள்ளியில் ஸ்பானிஷ் பயிலும் மருமானைத் துணைக்கு அழைத்துச் சென்று, "நீங்கள் ஏன் மாறவில்லை?" என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, உங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டரி போதும். எனக்கு ஒரு நாளைக்குப் பத்து வீடு. பெட்டி நிறையப் பாட்டரி வேண்டும். வாங்கினாலும் நடுப்பகலில் எங்கே மின்னேற்றுவேன்?" என்றார். நாள் முழுதும் அந்தப் புகையைச் சுவாசிப்பவரும், அந்த ஓசையைக் காதருகே கேட்பவரும் அவரே. மாற்றத்தின் பலன் எல்லாரையும்விட அவருக்கே அதிகம் வேண்டும். அதன் விலையோ அவருக்கே அதிகப் பாரம். சிறு தோட்டத் தொழிலாளர் மாறுவதற்கு உதவியாக மாகாண அரசாங்கம் 3 கோடி டாலர் ஒதுக்கியது மெய்தான். எனினும் சர்க்கார் பணத்தால் மட்டும் தீரும் காரியமன்று இது.

அன்று மாலை தங்கையிடம் இதைச் சொன்னோம். அவள் சற்று யோசித்தாள். மறுவாரம் அவர் வந்தபோது, தாழ்வாரத்தில் நிழலாக இருக்கும் மின்சார இணைப்பைக் காட்டி, பாட்டரிக் கருவி வாங்கினால் நடுப்பகலில் இங்கேயே மின்னேற்றிக் கொள்ளலாம் என்று மருமான் மூலம் சொல்லச் செய்தாள். ஒரு பாட்டரிக்கு அவளுக்கு ஆகும் செலவு பத்து ஸெண்டுக்கும் குறைவு. அவர் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, முதலில் ஒரு சருகு ஊதும் கருவி வாங்கிப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார்.

அமைதியைக் கடையில் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் நம் வேலியோடு அது நின்றுவிட்டால் அடுத்த வீட்டு ஓசை நம் காதில் விழத்தான் செய்யும். புதுக் கருவி வாங்கும் குடும்பத்தார், தம் வீட்டில் உழைக்க வருபவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாயின், சனிக்கிழமைத் தூக்கம் தெருவுக்கே கிட்டும்.