சாப்ட்வேர் இலவசம்! அமைத்துத் தர ஆள் எங்கே?

கள்ளக்குறிச்சி,

2024 ஜூனில் கருணாபுரம் உள்ளிட்ட பகுதிகளில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் பலிவாங்கியது. அப்பாவை இழந்த பிள்ளைக்கு உதவி என்றால் ஒரு நாள் வேலையா? படிப்பு முடியும்வரை கணக்கு வைக்கணும். கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு உதவுவதும் அப்படித்தான்.

ஒரே பெயர் 3 நோட்டில் 3 விதமாக இருந்தால்? ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை அரிசி. பக்கத்து வீட்டுக்குப் பட்டை நாமம்!

தொண்டு நிறுவனங்களுக்கென்றே 2005-ல் வந்த சாப்ட்வேர் 'சிவிசிஆர்எம்'. காசு கிடையாது. இரட்டைப் பதிவுகளைத் தேடிக் காட்டும்.

ஆனால், கம்ப்யூட்டரில் ஏற்றினால் மட்டும் போதாது. யாருக்கு, எப்போது, என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்கணும். அதற்கேற்பக் கட்டங்கள் அமைக்கணும். ஊழியருக்கும் சொல்லித் தரணும். இதற்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் தேவை.

டிகிரி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால், அவர்களுக்குப் பிழைப்பு. மலையில் ஒரு வீடும் விட்டுப்போகாது!