திரையைக் கேட்காமல் லேப்டாப் வாங்காதீர்கள்

படம் பார்க்க லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பிராசசரைக் கேட்கிறார்கள், ரேமைக் கேட்கிறார்கள், தள்ளுபடியைக் கேட்கிறார்கள். திரையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து படம் போட்ட பிறகுதான் கடைக்காரரோடு சண்டை.

‘எச்டி’ என்று மட்டும் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளித் திரை. ஃபுல் எச்டி என்பது 1920க்கு 1080. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புள்ளிகள். ‘ஃபுல் எச்டி படம் ஓடும்’ என்பார்கள். ஓடும்தான், 768 வரிக்குள் சுருங்கி ஓடும். பழைய அலுவலக லேப்டாப்பைப் புதுப்பித்து விற்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குப் போய் ரெசல்யூஷனைப் பாருங்கள். திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். மலிவான டிஎன் பேனலில் முகங்கள் வெளிறும், ஐபிஎஸ் பேனலில் நிறம் நிற்கும். பென் டிரைவில் ஒரு 4கே துண்டைக் கொண்டுபோய் ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறங்கள். ‘வீடியோ டிகோட்’ கோடு ஏற வேண்டும். அது படுத்துக் கிடக்க, சிபியு மட்டும் எகிறினால் படம் திக்கும், பேட்டரி கரையும். இன்டெல் சிப் என்றால் 10 பிட் எச்இவிசி படங்களுக்கு 7ஆம் தலைமுறையாவது வேண்டும்; ஏவி1க்கு 11ஆம் தலைமுறை. தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அந்தப் பணத்தை நல்ல திரைக்குப் போடுங்கள்.

அடுத்தது பில். ‘லேப்டாப் – 1’ என்று கிறுக்கிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பீர்கள்? மாடல் எண், சீரியல் எண், திரையின் ரெசல்யூஷன் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் விலை குறையும் என்று ஆசை காட்டினால் விழாதீர்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை அந்தச் சட்டத்தை மீறி நிற்காது.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பலர் இங்கே போன் செய்துவிட்டு, வழக்குப் போட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது சமரசம் பேசும் இடம். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையம் அழைக்கும் நாளில் தவறாமல் ஆஜராக வேண்டும்.

மனுவோடு பில், கடைக்கு அனுப்பிய கடிதம், தபால் ரசீது, ரெசல்யூஷன் தெரியும் திரையின் போட்டோ, ‘ஃபுல் எச்டிதான்’ என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இணையுங்கள். அந்தச் செய்தியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் நாளைக்கு அதை அழித்துவிடலாம்.